சுருட்டுச் சுற்றியபடி சங்கம் கட்டியவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் மே தினச் சிறப்புப் பக்கத்தை வாசித்தேன். சிக்காகோ, ஹேமார்க்கெட், தூக்கிலிடப்பட்ட தியாகிகள், எட்டு மணி நேர வேலை எல்லாம் இருந்தன. குறை சொல்ல வரவில்லை. ஆனால் வருடா வருடம் 1886 இல் சிக்காகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்ததோடு கதை நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு மே முதலாம் திகதி எப்படி ஊருலகத்துக்கெல்லாம் பொதுவான நாளாயிற்று என்று யாரும் எழுதுவதில்லை. 1888 டிசம்பரில் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் செயின்ட் லூயிஸ் நகரில் கூடி, 1890 மே 1 அன்று எட்டு மணி நேரக் கோரிக்கையோடு களத்தில் இறங்குவது என்று முடிவெடுத்தது. மறு வருடம் பாரிஸில் கூடிய சர்வதேச சோஷலிஸ்டுகளின் மாநாடு, அமெரிக்கர்கள் ஏற்கெனவே குறித்துவிட்ட நாள் இது, நாங்களும் அதையே வைத்துக்கொள்வோம் என்று தீர்மானம் போட்டது. அந்தச் சம்மேளனத்தின் தலைவர் பெயர் சாமுவேல் கொம்பர்ஸ். லண்டனில் பிறந்து, பதின்மூன்று வயதில் நியூயோர்க்குக்குக் கப்பலேறிய யூதப் பையன். தொழில், சுருட்டுச் சுற்றுவது.

அந்தத் தொழில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

என் அப்பு ஐம்பதுகளில் இரணைமடுக் குளத்துக் குடியேற்றத்தில் காணி கிடைத்து வட்டக்கச்சிக்கு வந்தவர். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் வேலை. வயலுக்கு வந்த பிறகும் அவருடைய சுருட்டுப் பலகையும் கத்தியும் வீட்டில் இருந்தன. பின்னேரங்களில் தனக்கென்று நாலைந்து சுற்றுவார். மடியில் பலகை, இடது கையில் இலை, வலது கை தானாக ஓடும். கண் எங்கேயோ இருக்கும். பிய்ந்த இலையைக் கூட ஓட்டை தெரியாமல் மூடிச் சுற்றிவிடுவார். (பலகை 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. கத்தி இருக்கிறது, வீட்டில் பாக்கு வெட்டுகிறார்கள்.)

அப்பு கொட்டிலைப் பற்றிப் பேசினால் சுருட்டைப் பற்றிப் பேசமாட்டார், பேப்பரைப் பற்றித்தான் பேசுவார். காலையில் எல்லாரும் குந்தியதும் ஒரு பெடியன் நடுவில் இருந்து பேப்பர் வாசிப்பானாம். ஈழகேசரி வந்தால் தலையங்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரைக்கும். ஹிட்லர் எங்கே நிற்கிறான், சிங்கப்பூர் விழுந்ததா இல்லையா, எல்லாம் அப்புவுக்குக் காதால் வந்த அறிவு. வாசிக்கிறவனுக்கு ஆளுக்கு இத்தனை சதம் என்று சேர்த்துக் கொடுப்பார்களாம். "அவன்ர வாய் ஓடினாத்தான் எங்கட கை ஓடும்" என்பார்.

இப்படியொரு வழக்கம் எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தம் என்றுதான் அறுபது வயது வரைக்கும் நினைத்திருந்தேன். கிழக்கு லண்டனில் இருக்கும் என் மருமகன் பழைய புத்தகக் கடையொன்றில் கொம்பர்ஸ் தன் கதையை எழுதிய இரண்டு பாகங்களையும் வாங்கி அனுப்பினான். தடித்த புத்தகங்கள். பாதிக்கு மேல் மாநாடு, தீர்மானம், சண்டை. நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கெழுதியவன், எனக்கே கொட்டாவி வந்தது. ஆனால் சுருட்டுக் கடை பற்றி அவர் எழுதும் இடத்தில் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். இலையை வீணாக்காமல் வெட்டுவது, ஓட்டையை மறைத்துச் சுற்றுவது, இரண்டு கையாலும் ஒரே அளவாக உருட்டுவது, இதெல்லாம் பழகிவிட்டால் கை தானாகச் செய்யும், மனம் யோசிக்கவும் பேசவும் கேட்கவும் காலியாக இருக்கும் என்கிறார். தங்களுக்குள் ஒருவரைத் தெரிந்தெடுத்து வாசிக்க விடுவார்களாம். வாசிக்கிற நேரத்துக்கு அவருக்குக் கூலி போகுமே? மற்றவர்கள் தாங்கள் சுற்றியதில் அவருக்குப் பங்கு வைத்துவிடுவார்கள். அங்கே சுருட்டாகக் கொடுத்தார்கள், இங்கே சதமாகக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். நியூயோர்க்கில் அந்த வாசிக்கும் இடத்தில் அடிக்கடி இருந்தது கொம்பர்ஸே.

அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1850 ஜனவரியில் கிழக்கு லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பிறந்தார். குடும்பம் ஒல்லாந்து யூதர்கள், அப்பாவும் சுருட்டுத் தொழிலாளி. அந்தப் பகுதியில் பட்டு நெய்தவர்கள் இயந்திரம் வந்து வேலை போய், வேலையில்லை வேலையில்லை என்று புலம்பியபடி தெருவில் நடந்ததைச் சின்ன வயதில் பார்த்தது கடைசிவரை மனதைவிட்டுப் போகவில்லை என்கிறார். யூதப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிக்கூடத்தில் பத்து வயது வரைக்கும் படிப்பு. கெட்டிக்காரன், ஆனாலும் வீட்டில் காசில்லை. முதலில் சப்பாத்துத் தைக்க விட்டார்கள். அந்தச் சத்தம் பிடிக்காமல் அப்பாவின் தொழிலுக்கே வந்துவிட்டார்.

1863 இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனார்கள். கப்பல் காசுக்குக் கைகொடுத்தது யார் தெரியுமா? சுருட்டுத் தொழிலாளர் சங்கம். வேலையில்லாத அங்கத்தவர்களை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடச் சங்கத்தில் ஒரு நிதி வைத்திருந்தார்கள். இங்கே ஏஜென்சிக்காரனிடம் காணி உறுதியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை அனுப்பியவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கலாம். பாய்க்கப்பலில் ஏழு வாரம். இறங்கிய நேரம் நல்ல நேரமில்லை. உள்நாட்டுப் போர் நடக்கிறது, கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்து எழுந்த கலவரம் நியூயோர்க்கில் அப்போதுதான் அடங்கியிருக்கிறது, அந்தக் கலவரத்தில் கறுப்பினத்தவர்களைத் தேடித் தேடி அடித்திருக்கிறார்கள். கப்பலில் உதவிய ஒரு கறுப்பினத்தவரின் கையைப் பிடித்து அப்பா விடைபெற்றபோது, இரண்டு பேரையும் தூக்கில் போடுவோம் என்று கூட்டம் மிரட்டியதாம். வேறு ஊரில் இறங்கி முதல் நாளே இப்படி ஒரு காட்சியைப் பார்க்கிற பிள்ளைக்கு என்ன தோன்றும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பதினான்கு வயதில் சங்கத்தில் சேர்ந்தார். பதினேழில் கல்யாணம். மனைவி சோபியாவும் லண்டனில் பிறந்தவர், அவரும் புகையிலைத் தொழிலாளி. பிறகு ஹிர்ஷ் என்பவரின் சுருட்டுக் கடையில் வேலை. அங்கே பக்கத்துப் பலகைகளில் இருந்தவர்கள் ஐரோப்பாவில் அரசியல் செய்து துரத்தப்பட்ட ஜேர்மன்காரர்கள். அவர்கள் வாசிப்பதை வாசிக்க வேண்டுமென்றே ஜேர்மன் மொழி படித்தார். லாரல் என்ற ஒரு பெரியவர் அவருக்குக் குரு மாதிரி. கூட்டங்களுக்குப் போ, எல்லாவற்றையும் கேள், ஆனால் அவர்களோடு சேர்ந்துவிடாதே என்பாராம். எந்தப் புதுக் கொள்கை வந்தாலும் உன் சங்க அட்டையை எடுத்துப் பார், அதோடு ஒத்துப்போகாவிட்டால் அது உண்மையில்லை என்றும் சொல்லிவைத்தாராம். இந்தப் புத்தி சரியா பிழையா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கலாம். இடதுசாரி நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "அதாலதான் அமெரிக்கத் தொழிலாளி உருப்படேல்லை" என்றார். இருக்கட்டும்.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. 1877 இல் நியூயோர்க்கில் சுருட்டுத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம். மாடிக் குடியிருப்புகளை முதலாளிகள் வாங்கி, ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பத்தை இருத்தி, அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து, அங்கேயே பிள்ளைகளோடு சுருட்டுச் சுற்ற வைத்தார்கள். அதை எதிர்த்து ஆயிரக்கணக்கான ஆட்கள் இறங்கினார்கள். தோற்றார்கள். பசி தோற்கடித்தது. கொம்பர்ஸுக்கு எந்தக் கடையும் வேலை கொடுக்கவில்லை, வீட்டுச் சாமான்களை அடைவு வைத்துச் சாப்பிட்டார்கள்.

தோற்றவர் அடுத்து என்ன செய்தார்? இன்னும் பெரிய ஊர்வலம் வைக்கவில்லை. சந்தாவைக் கூட்டினார். அவரும் ஸ்ட்ராசர் என்ற தோழரும் சேர்ந்து சங்கத்தின் கணக்கைத் திருத்தி எழுதினார்கள். சந்தா முன்பைவிட அதிகம். ஆனால் அங்கத்தவர் நோயில் விழுந்தால் காசு, வேலை தேடி வேறு ஊர் போக வழிச்செலவுக் கடன், செத்தால் அடக்கச் செலவு, பிறகு வேலையில்லாத காலத்துக்கும் ஒரு தொகை. ஒரு கிளையில் காசு தீர்ந்தால் மற்றக் கிளை அனுப்ப வேண்டும். கூடின சந்தாவென்றால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று பலர் சொன்னார்கள். ஓடவில்லை. போனால் போட்ட காசும் போகுமே! 1893 இல் பெரிய பணநெருக்கடி வந்தபோது, முன்பெல்லாம் போல் சங்கங்கள் கலைந்துபோகவில்லை. கூட்டுறவுக்காரன் என்ற முறையில் எனக்கு இதைவிட அழகான கதை கிடையாது.

மாடி அறைகளில் நடப்பதைச் சட்டமன்றத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. சங்கக்காரன் என்று சொன்னால் வாசலில் விடமாட்டார்கள். அதனால் டிக்கன்ஸ் புத்தகத் தொகுதி விற்பவர் போல வேஷம் போட்டு வீடு வீடாக ஏறினார். எத்தனை அறை, எத்தனை பேர், புகையிலை எங்கே காய்கிறது, பிள்ளை எங்கே படுக்கிறது என்று பார்த்து எழுதினார். 1883 இல் அந்த முறையைத் தடைசெய்து சட்டம் வந்தது. நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது, அது வேறு கதை.

1886 டிசம்பரில் பல சங்கங்கள் சேர்ந்து சம்மேளனம் அமைத்து அவரைத் தலைவராக்கின. வருடச் சம்பளம் ஆயிரம் டொலர். அலுவலகம் என்பது ஒரு சின்ன அறை. சமையலறை மேசைதான் எழுதுமேசை, மரப்பெட்டிகள்தான் கதிரை, கடிதங்களை அடுக்கியது கடைக்காரரிடம் வாங்கிய தக்காளிப் பெட்டிகளில். மகன்தான் அலுவலகப் பையன். நடுவில் 1894 டிசம்பரில் ஒருதரம் மட்டும் சோஷலிஸ்டுகள் சேர்ந்து தோற்கடித்தார்கள். அடுத்து வந்த அந்த ஒரு வருடம் தவிர, சாகும் வரைக்கும் அவரே தலைவர். 1920 அளவில் சம்மேளனத்தில் சுமார் 40 இலட்சம் பேர். 1924 டிசம்பரில் மெக்சிகோ நகரில் மாநாட்டுக்குப் போன இடத்தில் நோய் கூடி, திரும்பும் வழியில் டெக்ஸாஸில் இறந்தார்.

இவ்வளவு புகழ்ந்தவன் அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் அது கள்ளக் கணக்கு. அப்பா கைகொடுத்ததற்காகத் தூக்குக்கயிற்றைப் பார்த்த பிள்ளை, தானே கடல் கடந்து வந்த பிள்ளை, சீனர்களை அமெரிக்காவுக்குள் விடக்கூடாது என்று வாழ்நாள் முழுக்க நின்றார். கலிபோர்னியாவில் வெள்ளையர் சுற்றிய சுருட்டு இது என்று பெட்டியில் முத்திரை ஒட்டினார்கள். சங்க முத்திரை என்ற பழக்கமே அங்கிருந்துதான் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சம்மேளனம் ஒரு பிரசுரம் வெளியிட்டது. அதில் கொம்பர்ஸின் பெயரும் இருந்தது. இறைச்சியா சோறா என்பது தலைப்பு. இறைச்சி தின்கிற அமெரிக்க ஆண்மைக்கும் சோறு தின்கிற ஆசியக் கூலிக்கும் நடக்கிற போட்டியாம். யார் நிலைப்பார் என்று கேட்கிறார்கள். காலபோக நெல் வெட்டி மூட்டை அடுக்கி வைத்திருக்கிற வீட்டில் இருந்து இதை வாசித்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வரவில்லை. கறுப்பினத் தொழிலாளர்களைச் சேர்க்க மறுத்த சங்கங்களோடும் அவர் சமாளித்துப் போனார்.

இது அவர் ஒருவரின் குறையுமில்லை. நம் நாட்டில் 1923 வேலைநிறுத்தத்தை நடத்திக் கொழும்பை நிறுத்திய ஏ. ஈ. குணசிங்க, முப்பதுகளில் மலையாளத் தொழிலாளர்களுக்கு எதிராகத் திரும்பவில்லையா? அவ்வளவு தூரம் ஏன்? 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்தவர்களை, இருபது, இருபத்தைந்து வருடம் முன்னால் வந்த எங்கள் ஆட்களே வந்தான் வரத்தான் என்றார்கள். என் வாயிலும் அது வந்திருக்கிறது. எங்கள் அப்புவும் வந்தவர்தானே என்று அப்போது தோன்றவில்லை.

சரி, இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்பீர்கள்.

என் மகளின் மகள் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். எந்தத் தொழிற்சாலை என்று எழுதவில்லை, எழுதினால் பிள்ளைக்குத்தான் கரைச்சல். நாலரைக்கு எழும்பி, ஐந்து இருபதுக்குச் சந்தியில் பஸ் ஏறுவாள். போன மாதம் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தாள். சம்பளச் சீட்டு வந்தபோது மடித்து மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு விரல் அகலத் துண்டு, மை மங்கல், பாதி சுருக்கெழுத்து. வருகைக் கொடுப்பனவு என்ற வரிக்கு எதிரே சைபர். மேலதிக நேர வேலை அவள் கொப்பியில் எழுதி வைத்ததைவிட ஆறு மணி நேரம் குறைவு.

"இதைப் பார்த்தியா பிள்ளை?"

"பார்த்தனான் அம்மப்பா. எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"கேக்கேல்லையோ?"

"ஆரிட்டக் கேக்கிறது?"

தொழிற்சங்கம் என்றேன். அது ரீச்சர்மாருக்கு இருக்கிறது என்றாள். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம் என்று 1935 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, வேலையாட்களில் 40 வீதமானோர் அங்கத்தவரானால் முதலாளி அந்தச் சங்கத்தை ஏற்றுப் பேச வேண்டும் என்று 1999 இல் சட்டம் வந்தது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சங்கத்துக்குக் காசு கட்ட வேணுமே?" என்று கேட்டாள். கிழமைக்கு ஒருதரம் நுண்கடன்காரன் வாசலில் நிற்கிற வீடுகள் அவளோடு வேலை செய்கிறவர்களின் வீடுகள். காய்ச்சல் வந்தால் தோடு அடைவுக் கடைக்குப் போகும், அல்லது இன்னொரு கடன். எங்கள் ஊரில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது, நான்தான் பொருளாளர், சந்தா பிந்துவதேயில்லை. படுத்தவனுக்குக் கொடுக்க ஒரு சங்கம் இல்லை. கொம்பர்ஸ் 1877 இல் தோற்றுப்போய் வீட்டில் இருந்து யோசித்தது இந்த இடத்தைத்தான் என்று அவளுக்குச் சொன்னேன். யாரந்தக் கொம்பர்ஸ் என்று கேட்கவில்லை, தூங்கிவிட்டாள். நாலரைக்கு எழும்ப வேண்டிய பிள்ளை.

அப்புவின் கொட்டில் இன்றைக்கு அந்தப் பஸ்தான் என்று எனக்குப் படுகிறது. ஒரு மணி நேரம் நாற்பது பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். தொழிற்சாலைக்குள் இயந்திரச் சத்தத்தில் வாசிக்க முடியாது, பஸ்ஸில் முடியும். பேத்தி சொல்கிறாள், ஒருத்தி ஃபோனில் சாத்திரப் பலன் வாசிப்பாளாம், மற்றவர்கள் கேட்டுக்கொண்டு வருவார்களாம். வாசிக்கிற ஆள் இருக்கிறாள், கேட்கிற காதும் இருக்கிறது. வாசிப்பதற்கு என்ன கொடுக்கிறோம் என்பதுதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். மே தினத்துக்கு வருடத்தில் ஒரு பக்கம் ஒதுக்குவதை விட்டு, கிழமைக்குக் கால் பக்கம் கொடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் சம்பளத்தில் 8 வீதம் போனால் முதலாளி 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம், இதைச் சீட்டில் எந்த வரியில் பார்ப்பது? ஐந்து வருடம் முடிந்து விலகினால் பணிக்கொடை எவ்வளவு, நாலரை வருடத்தில் விலகினால் என்ன ஆகும்? மேலதிக நேரத்தைத் தன் கொப்பியில் எப்படி எழுதி வைப்பது? தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு முறைப்பாடு தமிழில் எழுதுவது எப்படி, ஒரு மாதிரிக் கடிதம்? சட்டத்தரணிகள் எழுதினால் அதை யாராவது வீட்டுத் தமிழில் திருத்தி எழுத வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் நான் இருக்கிறேன், கூலி வேண்டாம். நடுவில் ஒரு தொடர்கதையும் போடுங்கள், இல்லாவிட்டால் கேட்கமாட்டார்கள். அப்புவின் கொட்டிலிலும் தலையங்கத்துக்குப் பிறகு கதைதானாம்.

இன்னுமொன்று. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். ஐந்து இருபதுக்கு இன்னும் விடிவதில்லை, அந்தப் பஸ்ஸில் முன்பக்க விளக்கு ஒன்றுதான் எரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு ஊழியர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.